பதின்மூன்று வயதில் நடக்கும் தேர்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு மண்டேலா தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக்ஸ் அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் வாசித்தோம். வாசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தென்னாப்பிரிக்க அணியில் வெள்ளையர் அல்லாதவருக்கு இடம் ஒதுக்குவது சரியா என்று சாப்பாட்டு மேசையில் தொடங்கிய வாதம் பத்து நாளாகியும் ஓயவில்லை. எங்களில் யாரும் ரக்பியை நேரில் பார்த்தவர்கள் அல்ல. தொலைக்காட்சியில் பார்த்த சில ஆட்டங்களும், அந்த இறுதியாட்டத்தை வைத்து எடுக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் படமும்தான் எங்கள் கையிருப்பு. வாதம் செய்ய அது போதாதா என்ன?

நண்பர் ஒருவர் கல்லூரி நாட்களில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். இட ஒதுக்கீட்டில் படித்து வந்தவர். அதை யாராவது குறைத்துப் பேசினால் சும்மா விடமாட்டார். அவரே இதில் வேறு மாதிரி பேசுகிறார். "படிப்புக்கும் வேலைக்கும் ஒதுக்கீடு வேண்டும். ஆடுகளம் அப்படி அல்ல. நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஓடிவந்து மோதும்போது எவன் தாங்குகிறானோ அவன்தான் அணியில் இருக்க வேண்டும். அங்கே நிறம் பார்த்து ஆள் எடுத்தால், எடுக்கப்பட்டவனுக்குத்தான் அவமானம்" என்கிறார்.

நான் எதிர்க்கட்சி. தென்னாப்பிரிக்கா ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டுதானே 2019, 2023 இரண்டு கோப்பைகளையும் வென்றது, அதைவிட என்ன சான்று வேண்டும் என்றேன். உடனே அவர் கைபேசியை எடுத்து, இரண்டு கோப்பைகளையும் தூக்கிய தலைவர் சியா கொலிசியின் பேட்டி ஒன்றைக் காட்டினார். மண்டேலா உயிரோடு இருந்திருந்தால் இந்த ஒதுக்கீட்டை ஆதரித்திருக்க மாட்டார் என்று கொலிசியே சொல்லியிருக்கிறார். அதன்பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்று கேள்விகள். கொலிசி ஒதுக்கீட்டால் வந்தவரா, திறமையால் வந்தவரா? ஆட்டக்காரர்களை நிறம் பார்த்து எண்ணுவதைத்தானே பழைய நிறவெறி அரசும் செய்தது, இதில் என்ன வேறுபாடு? கடைசியாக, கோபிக்க மாட்டீர்கள் என்றால்: நீங்கள் புகழ்ந்து எழுதிய அந்த 1995 அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டோம். உங்கள் கட்டுரை அதைச் சொல்லவே இல்லையே, ஏன்?

அன்புடன்,
கே., கோயம்புத்தூர்

*

அன்புள்ள கே.,

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மாட்டிக்கொண்ட இடத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மண்டேலாவின் சட்டையை எழுதுகிற மயக்கத்தில் செஸ்டர் வில்லியம்ஸை விட்டுவிட்டேன். அந்தச் சட்டையின் மயக்கம் பலரையும் அப்படித்தான் செய்திருக்கிறது என்பதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. என் தவறுதான்.

1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்தை 15-12 என்று வென்ற பதினைந்து பேரில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவர்தான். தொடர் தொடங்கும் முன்பே விளம்பரத் தட்டிகளில் எல்லாம் அவர் முகம். ஆனால் காயம் காரணமாகத் தொடக்கத்தில் அணியிலேயே அவர் இல்லை. கனடாவுடன் நடந்த ஆட்டத்தில் கைகலப்பு மூண்டு, ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டபோதுதான் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நான்கு முறை கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார். ரக்பியில் இதை 'ட்ரை' என்பார்கள். ஒரே ஆட்டத்தில் நான்கு என்பது சாதாரணக் கணக்கு அல்ல. தட்டியில் சிரித்த அதே மனிதர் சில ஆண்டுகள் கழித்து வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில், சக ஆட்டக்காரர்கள் சிலர் தன்னை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியதைப் பதிவு செய்தார். 2019 செப்டம்பரில், 49 வயதில், மாரடைப்பால் இறந்தார். கொலிசி கோப்பையைத் தூக்குவதற்கு இரண்டு மாதம்கூட இல்லை.

இப்போது உங்கள் கபடி நண்பர். அவர் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒன்றும் அதில் இருக்கிறது. ரக்பி வெள்ளையரின் ஆட்டம், கறுப்பினத்தவர் கால்பந்துக்காரர்கள், அவர்களை ரக்பிக்குள் கொண்டுவருவது அரசின் வேலை என்பதுதான் அது. தென்னாப்பிரிக்காவிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், நம் ஊரில் நம்புவதில் வியப்பில்லை.

கிழக்கு கேப் பகுதியைக் கொஞ்சம் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மிஷன் பள்ளிகள் இருந்தன. ஹீல்டவுன், லவ்டேல் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்டேலா படித்தது ஹீல்டவுனில். பாதிரிமார்கள் பைபிளோடும் லத்தீனோடும் கிரிக்கெட்டையும் ரக்பியையும் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியின் கோசா இனத்து இளைஞர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். போர்ட் எலிசபெத்தில் கறுப்பினத்தவரின் யூனியன் ரக்பி கிளப் 1887-இல் தொடங்கியது. கேப் டவுனில் கலப்பினத்தவரும் மலாய் முஸ்லிம்களும் அதே காலத்தில் கிளப்புகள் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்பாக்ஸ் என்ற பெயரோடு வெள்ளையர் அணி முதன்முதலாகப் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறியது 1906-இல். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே போர்ட் எலிசபெத்தின் கறுப்புத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, இரு அணியும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1950-இல் குழுப்பகுதிச் சட்டம் வந்தது. யார் எந்தத் தெருவில் வாழலாம் என்பதை நிறம் தீர்மானித்தது. தெருக்கள் காலியானபோது தெருவுக்குச் சொந்தமான கிளப்புகளும் சிதறின. 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. மிஷன் பள்ளிகள் பாதிரிமார்களின் கையிலிருந்து அரசின் கைக்குப் போயின. கறுப்பினத்தவர் கூலி வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் படிக்கட்டும் என்பது அந்தச் சட்டத்தின் உள்ளக்கிடக்கை. பயிற்சியாளரும் மைதானமும் மாலை நேரத்து ஆட்டமும் அத்தோடு போயின. என்னைக் கேட்டால் கறுப்பு ரக்பியை உடைத்தவற்றில் இந்தச் சட்டத்துக்கே முதலிடம் கொடுப்பேன். தேசிய அணியின் கதவை மூடியது கண்ணுக்குத் தெரிந்த அநியாயம். பள்ளியை மூடியது அடுத்த மூன்று தலைமுறையை மூடியது.

தேசிய அணியின் கதவோ முதல் நாளிலிருந்தே மூடித்தான் இருந்தது. அந்த அணிக்கு 1981 வரை ஓர் ஒதுக்கீடு இருந்தது: நூற்றுக்கு நூறு வெள்ளையர். அதை யாரும் ஒதுக்கீடு என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் அணித்தேர்வு.

இதில் வெள்ளையர் அல்லாத தென்னாப்பிரிக்கர்கள் மட்டும் அடிபட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதிரணியின் தேர்வையும் தென்னாப்பிரிக்க வெள்ளையரே செய்தார்கள். நியூசிலாந்தின் ஜார்ஜ் நேபியா ஒரு மாவோரி, அந்நாட்டின் பூர்வகுடி. 1924-25 பயணத்தில் பத்தொன்பது வயதுப் பையனாகப் பிரிட்டனில் ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடி, உலகின் சிறந்த ஃபுல்பேக் (கடைசிக் காவலர்) என்று பெயர் வாங்கியவர். 1928-இல் நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது அவரை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். விருந்தளிப்பவர்களுக்கு மாவோரி ஆட்டக்காரர்கள் ஒத்துவராது. 1949-லும் 1960-லும் அதே கதை. 1960-இல் "மாவோரிகள் இல்லையெனில் பயணமும் இல்லை" என்று நியூசிலாந்தில் இயக்கமே நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அப்படியும் அணி போய்விட்டது. 1970-இல் ஒருவழியாக மாவோரிகளும் சமோவா வம்சாவளி பிரையன் வில்லியம்ஸும் அனுமதிக்கப்பட்டார்கள். எப்படி? 'கௌரவ வெள்ளையர்' என்ற பட்டத்தோடு. பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் தருவதைப் பார்த்திருக்கிறோம். தோலுக்குக் கௌரவப் பட்டம் தந்த அரசு அது.

அந்த ஆட்டங்களில் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மூலையில் உட்கார்ந்து நியூசிலாந்துக்குக் கை தட்டினார்கள். கேப் டவுனில் இன்றைக்கும் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிச் சட்டை அணிந்து மைதானத்துக்கு வருகிற கலப்பினக் குடும்பங்கள் உண்டு. தாத்தா காலத்துப் பழக்கம். ராபன் தீவுச் சிறையிலும் ஸ்பிரிங்பாக்ஸ் தோற்றால் கைதிகளுக்குக் கொண்டாட்டம். மண்டேலாவும் அவர்களில் ஒருவர். அவர் அந்தச் சட்டையை அணிந்தபோது அது ஏன் பெரிய செய்தி ஆனது என்பது இதற்குப் பிறகுதான் புரியும். இதையும் என் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும்.

1981-இல் எர்ரல் டொபையஸ் வந்தார். வெள்ளையர் அல்லாத முதல் டெஸ்ட் ஆட்டக்காரர், கேலடன் ஊர்க்காரர். அயர்லாந்துக்கு எதிராக நியூலேண்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 31. ஓர் ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் அதற்குள் முடிந்திருக்கும். அதே ஆண்டு அணியோடு நியூசிலாந்து போனார். ஊர் ஊராகப் போராட்டம். ஹாமில்டனில் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டம் ரத்தானது. ஆக்லாந்தில் சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து மைதானத்தில் மாவுப் பொட்டலங்களைப் போட்டது. டொபையஸ் நடுவில் மாட்டிக்கொண்டார். வெள்ளையரில் பலருக்கு அவர் கண்துடைப்புக்கு எடுத்த ஆள். இனபேதமற்ற விளையாட்டு இயக்கத்தினருக்கோ துரோகி. "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது" என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அவர் ஆடிய ஆறு டெஸ்டுகளிலும் தென்னாப்பிரிக்கா வென்றது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

உங்கள் நண்பரின் நியாயம் இங்கேதான் வருகிறது. எடுக்கப்பட்டவனுக்கு அவமானம் என்றாரே, அது நடந்தது. 1990-களின் இறுதியில் தென்னாப்பிரிக்க ரக்பியில் எண்ணிக்கை விதிகள் வந்தபின் 'கோட்டா ஆட்டக்காரன்' என்ற சொல் பிறந்தது. வெள்ளை ஆட்டக்காரன் பந்தைத் தவறவிட்டால் அது கை நழுவல். கறுப்பு ஆட்டக்காரன் தவறவிட்டால் அது கொள்கையின் தோல்வி. ஆஷ்வின் வில்லெம்ஸே 2003-இல் அந்நாட்டின் சிறந்த ரக்பி ஆட்டக்காரர் விருது பெற்றவர். 2018 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நேரலையில் சக விமர்சகர்கள் இருவருடன் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தார். ஆடுகிற காலத்தில் என்னை நெடுநாள் கோட்டா என்றார்கள், இப்போதுள்ள மரியாதையை உழைத்துச் சம்பாதித்தேன், நிறவெறிக் காலத்தில் ஆடிய இவர்கள் என்னைத் தட்டிக்கொடுத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு நடந்த விசாரணை, அந்த இருவரும் இனவெறியோடு நடக்கவில்லை என்றது. இருக்கலாம். விருது வாங்கிப் பதினைந்து ஆண்டு கழித்தும் அந்தச் சொல் அவர் முதுகில் ஒட்டியிருந்ததை எந்த விசாரணையும் மறுக்கவில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர் என்பதால் இன்னொன்று. 2015 உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்து. தென்னாப்பிரிக்க அணியில் நன்றாகப் பந்துவீசிக்கொண்டிருந்த வெள்ளையரான கைல் அப்பாட்டை உட்காரவைத்துவிட்டு, காயத்திலிருந்து மீண்ட கலப்பினத்தவரான வெர்னன் ஃபிலாண்டரை இறக்கினார்கள். தோற்றார்கள். மேலிடத்து அழுத்தம் என்று அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை, வாரியம் மறுத்தது. எது உண்மையாக இருந்தாலும், டெஸ்டில் 224 விக்கெட்டுகளை, ஒன்றுக்குச் சராசரி 22 ஓட்டங்கள்தான் கொடுத்து எடுத்தவர் ஃபிலாண்டர். அந்த ஒரு நாளால் அவரையும் அந்தச் சொல்லுக்குள் தள்ளிவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் மேலிருந்து எண்ணிக்கையைத் திணித்தால் அடிபடுவது யாருக்காகத் திணித்தோமோ அவர்தான். உங்கள் நண்பர் இதைத்தான் சொல்கிறார் என்றால் நான் அவர் பக்கம்.

ஆனால் நீங்கள் சொன்ன சான்று செல்லாது. அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதால் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். 2014-இல் தென்னாப்பிரிக்க ரக்பி சங்கம் ஒரு திட்டம் வகுத்தது: 2019 உலகக் கோப்பைக்குள் தேசிய அணியில் பாதிப் பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்க வேண்டும். ஒதுக்கீடு என்று சொல்லாமல் 'இலக்கு' என்றார்கள். சொல் மாறியது, எண் எண்ணாகவே இருந்தது. 2016-இல் விளையாட்டு அமைச்சர் ஃபிகிலே முபாலுலா இலக்கை எட்டாததற்காக ரக்பி, கிரிக்கெட், தடகளம், நெட்பால் ஆகிய நான்கு சங்கங்களும் பெரிய போட்டிகளை நடத்த விண்ணப்பிக்கக் கூடாது என்று தடை போட்டார். சரி, 2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்ற முதல் பதினைந்தில் எத்தனை பேர்? ஆறு. 2023-இல் பாரிஸில் நியூசிலாந்தை 12-11 என்று வென்ற முதல் பதினைந்தில்? ஐந்து. இரண்டு முறையும் இலக்கு எட்டப்படவில்லை. ஆகவே "ஒதுக்கீடு கோப்பை வாங்கித் தந்தது" என்று நீங்கள் சொல்ல முடியாது. "ஒதுக்கீட்டை மீறித் திறமை வென்றது" என்று அவரும் சொல்ல முடியாது. 2007-இல் கோப்பை வென்ற பதினைந்தில் பிரையன் ஹபானா, ஜே.பி. பீட்டர்சன் என்று இரண்டு பேர்தான் இருந்தார்கள், இருவரும் விங்கர்கள். 2019-இல் ஆறு பேர். அவர்களில் அணித்தலைவர் ஒருவர், ஸ்க்ரம்மின் முன்வரிசையில் இருவர், நடுக்களத்தில் ஒருவர். எண்ணிக்கையைவிட இந்த இடமாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெடுங்காலம் கறுப்பு ஆட்டக்காரனை ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள்: அவனுக்குக் கால் இருக்கிறது, ஓடட்டும், யோசிக்கிற வேலையும் தள்ளுகிற வேலையும் வேறு ஆட்களுக்கு. இதை எந்த விதியும் எழுதிவைக்கவில்லை.

கொலிசிக்கு வருவோம். 1991 ஜூன் 16 அன்று போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே குடியிருப்பில் பிறந்தார். மக்களை இனவாரியாகப் பதிவு செய்த சட்டம் மறுநாள் நீக்கப்பட்டது. பாட்டி வளர்த்த பிள்ளை. பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடினார். பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு ஆட்டத்துக்கு விளையாட்டுக் கால்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு போனார். அங்கே ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டு, அதே நகரத்தின் புகழ்பெற்ற கிரே பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆங்கிலம் கற்றது அங்கே. மூன்று வேளை சாப்பிட்டதும் அங்கே. தேசிய அணிக்கு முதல் ஆட்டம் 2013 ஜூன் 15, ஸ்காட்லாந்துக்கு எதிராக. ஒருவர் காயமடைய, நான்காவது நிமிடத்திலேயே மாற்றாளாக இறங்கி ஆட்டநாயகன் விருதோடு வெளியே வந்தார். மறுநாள் அவருக்கு 22 வயது. இப்போது சொல்லுங்கள், ஒதுக்கீடா, திறமையா? அன்று மைதானத்தில் அவருக்கு யாரும் ஒதுக்கித் தரவில்லை. ஆனால் கிரே பள்ளியின் அந்த உதவித்தொகை கிடைக்காமல் போயிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்கிறார், அதுவும் உங்கள் நண்பர் காட்டிய அதே பேட்டியில்.

2019 ஜனவரியில் ஜப்பானியச் செய்தி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது அந்தப் பேட்டி. மண்டேலா ஒதுக்கீட்டை ஆதரித்திருக்க மாட்டார், என் தோல் நிறத்துக்காக நான் எடுக்கப்படுவதை நான் விரும்ப மாட்டேன் என்ற பகுதி தலைப்புச் செய்தி ஆனது. தென்னாப்பிரிக்காவில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நண்பரின் கைபேசியில் இருப்பதும் அந்தப் பகுதியாகத்தான் இருக்கும். மிச்சத்தையும் வாசியுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்து தொடங்குங்கள் என்கிறார். அந்தப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டேன், சரியாக வளர்ந்திருக்க மாட்டேன், மற்றப் பையன்களுக்குக் கிடைத்த பயிற்சி எனக்குக் கிடைத்திருக்காது என்கிறார். உடம்பு மோதும் விளையாட்டில் பன்னிரண்டு வயதில் கிடைக்கிற முட்டையும் பாலும் யாருக்கு எட்டுகிறது என்பதுகூட ஓர் அணித்தேர்வுதான். நூற்றுப் பத்துக் கிலோ ஆளைத் தாங்குகிறவன் வேண்டும் என்றாரே உங்கள் நண்பர், அந்த நூற்றுப் பத்துக் கிலோ எந்தச் சமையலறையில் வளர்ந்தது?

தென்னாப்பிரிக்க ரக்பியின் தேர்வாளர்கள் உண்மையில் பள்ளிகள்தான். புளூம்ஃபோன்டெய்னின் கிரே கல்லூரி (கொலிசி படித்த கிரே வேறு), ஸ்டெல்லன்பாஷின் பால் ரூஸ் பள்ளி, பார்ல் நகரத்தின் இரண்டு பள்ளிகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் இரண்டு பள்ளிகள் மட்டுமே தலா நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்பிரிங்பாக் ஆட்டக்காரர்களைத் தந்திருக்கின்றன. புல்தரை, உடற்பயிற்சிக் கூடம், முழுநேரப் பயிற்சியாளர், சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடும் பழைய மாணவர்கள். பதின்மூன்று வயதில் இந்த வாசலுக்குள் நுழைந்தவன் பதினெட்டில் மாகாணப் பள்ளி அணிகள் மோதும் கிரேவன் வாரத்தில் ஆடுவான். அங்கிருந்து தொழில்முறை ஒப்பந்தம். பல்லாயிரம் அரசுப் பள்ளிகளில் புல் கிடையாது, பல இடங்களில் ஒழுங்கான கழிப்பறையே கிடையாது. 2022 கணக்கெடுப்பின்படி மக்களில் கறுப்பு ஆப்பிரிக்கர்கள் 81 சதவீதம், வெள்ளையர் 7 சதவீதம். தேசிய அணியில் கொள்கை தலைகீழாகத் திருப்ப முயல்வது பத்தாண்டுக்கு முன்பே இந்தப் பள்ளி வாசலில் முடிவாகிவிட்ட ஒன்றை.

அப்படியானால் மேலே எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பள்ளிகளைச் சரிசெய்தால் போதுமே என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. மேலே எண்ணிக்கை இல்லாவிட்டால் கீழே யாரும் தேடிப் போகமாட்டார்கள். பணக்காரப் பள்ளிகள் குடியிருப்புகளில் உதவித்தொகை கொடுத்துப் பையன்களைத் தேடத் தொடங்கியதில் நல்ல மனமும் இருந்தது. நாளை மாகாண அணிக்கு இப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அமைச்சரின் தடை முரட்டுத்தனமானதுதான். முரட்டுத்தனமாகத் தட்டாமல் திறந்த கதவுகளை அந்த நாட்டின் வரலாற்றில் தேடிப் பார்த்தால் அதிகம் கிடைக்கவில்லை.

நிறம் பார்த்து எண்ணுவது பழைய அரசு செய்ததுதானே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அதே பெட்டிகள்தான். 1950-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒருவர் எந்த இனம் என்று ஐயம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஓர் இனம், சிக்கினால் வேறு இனம். பென்சில் போய்விட்டது, பெட்டிகள் போகவில்லை. இது எனக்கும் உறுத்தல்தான். இந்தக் கணக்கில் நம்மவர்களும் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் முதலாக, அடுத்தடுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கொள்கையின் கண்ணில் 'கறுப்பர்'. கிரிக்கெட் வாரியம் 2016-இல் பதினொருவரில் சராசரியாக ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர், அவர்களில் இருவர் கறுப்பு ஆப்பிரிக்கர் என்று வகுத்தது. டர்பனில் பிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர் செனுரன் முத்துசாமி ஆறில் சேர்வார், இரண்டில் சேரமாட்டார். அபத்தமாகத் தோன்றும். ஆனால் வெளியே வைப்பதற்காக எண்ணியவனையும், வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காக எண்ணுகிறவனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1963-இல் டர்பன் இந்தியரான பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். கிளப் கட்டிடத்துக்குள் வெள்ளையர்கள் கோப்பையோடு நிற்க, அவர் வெளியே மழையில் நின்று பரிசை வாங்கினார். அன்று எண்ணியவர்கள் அந்த ஒருவரையும் உள்ளே விடாமல் இருக்கத்தான் எண்ணினார்கள்.

கடைசியாக, 2019 அணியின் விங்கர் மகஸோலே மபிம்பி. கிழக்கு கேப்பின் சோலோம்ன்கா கிராமத்துக்காரர். பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்தே போனவர். நான் மேலே சொன்ன பள்ளிகள் எதிலும் படிக்காதவர். கிரேவன் வாரம் ஆடாதவர். தாய், அக்கா, அண்ணன் மூவரையும் இழந்தவர். மாகாண அணியில் நுழைந்தபோதே வயது இருபத்து நான்கை ஒட்டியிருந்தது. தேசிய அணிக்கு 2018-இல் வந்தார். 2019 தொடரில் ஆட்டக்காரர்களின் சட்டை எண்களுக்குள் அவரவர் குடும்பத்தாரின் படங்களைப் பதித்துத் தைத்தார்கள். மபிம்பியின் எண்ணுக்குள் இருந்தது அவருடைய படமே. ஏன் என்று பயிற்சியாளர் எராஸ்மஸ் கேட்டபோது, படம் அனுப்ப எனக்கு யாரும் இல்லை என்றார்.

உங்கள் நண்பரோடு உட்கார்ந்து அந்த இறுதியாட்டத்தை 66-வது நிமிடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். மபிம்பி இடது ஓரத்தில் பந்தை முன்னால் உதைத்து விரட்டுவார். அதைப் பிடிப்பவர் லுகான்யோ ஆம், கிங் வில்லியம்ஸ் டவுனை ஒட்டிய ஸ்வெலிட்ஷாவின் பையன். மபிம்பியைப் போலவே பார்டர் என்ற மாகாண அணிக்கு ஆடித் தொடங்கியவர். எதிரே கோடு கிடக்கிறது, ஆம் தானே போய் விழுந்திருக்கலாம். திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பக்கத்தில் போடுகிறார். மபிம்பி அங்கே இருக்கிறார். உலகக் கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் தென்னாப்பிரிக்கா போட்ட முதல் ட்ரை அது. ஹீல்டவுனும் லவ்டேலும் இருந்த நாட்டுப்புறத்திலிருந்துதான் இருவரும் வந்தார்கள். கபடி ஆடியவர் அல்லவா, பார்க்காமல் கொடுத்த அந்தப் பந்தைப் பற்றி உங்கள் நண்பர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.